அனுப்பும் முன் படித்துப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்று ஓர் இடம் இருக்கிறது. கிழக்கேகோட்டைக்குப் பக்கம். அங்கே வராக மூர்த்தி கோவில் இருக்கிறது. கோவிலுக்குப் பெரிய குளமும் உண்டு. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்கின்றன.

அந்த ஊரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் அப்பளம் இட்டு விற்பவர். எல்லோரும் அவரை அப்பளக்கார அக்கா என்றே கூப்பிடுவார்கள். சிறு வயதில் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டார்.

கொல்லத்தில் ஒரு கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். அவர் அக்காவிடம் நிறைய அப்பளம் வாங்கினார். 38,000 ரூபாய் பாக்கி. பணத்துக்குப் பதில் ஒரு செக் கொடுத்தார்.

அக்கா செக்கை வங்கியில் போட்டார். செக் திரும்பி வந்தது. கான்ட்ராக்டர் கணக்கில் பணம் இல்லை.

"நாளைக்குத் தருகிறேன்" என்றார் கான்ட்ராக்டர். நாளை வந்தது. பணம் வரவில்லை. உளுந்து வாங்கிய கடைக்கு அக்கா கடன் பட்டிருந்தார். மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். அவர் என்ன செய்வார்?

சட்டம் நாள் கணக்குப் பார்க்கும்

செக் திரும்பினால் அது வெறும் கடன் விவகாரம் அல்ல. கணக்கில் பணம் இல்லாமல் கடனுக்குச் செக் கொடுப்பது குற்றம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

ஆனால் உடனே வழக்குப் போட முடியாது. படிப்படியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு உண்டு.

முதல் படி: செக் திரும்பியதை வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எழுத்தில் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் படி: நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள் உண்டு. அந்த 15 நாளும் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: 15 நாளிலும் பணம் வரவில்லை. அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

அக்காவின் கணக்கைப் பார்ப்போம். வங்கி சீட்டுத் தந்தது ஜூன் 3. அக்கா ஒரு வக்கீலிடம் போய் நோட்டீஸ் எழுதி வாங்கினார். ஜூன் 20 அன்று ஸ்பீடு போஸ்டில் அனுப்பினார். கான்ட்ராக்டர் கையில் அது சேர்ந்தது ஜூன் 24. அவருக்கு உள்ள 15 நாள் ஜூலை 9 அன்று முடிந்தது. பணம் வரவில்லை. இனி ஒரு மாதம். ஆகஸ்ட் 9ஆம் தேதியைக் கடைசி நாள் என்று வைத்துக் கொள்வது பத்திரம்.

ஒரு மாதம் தாண்டினால்? தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லலாம். ஏற்பதும் ஏற்காததும் நீதிபதியின் கையில். ஆகவே நாள் தவறாமல் இருப்பதே நல்லது.

கட்டுக் காகிதம் போய் கம்ப்யூட்டர் வந்தது

முன்பு வழக்குப் போட என்ன செய்வார்கள்? காகிதங்களை நூலால் கட்டுவார்கள். நீதிமன்ற அலுவலகத்தில் கொண்டு போய்க் கொடுப்பார்கள்.

இப்போது காலம் மாறி வருகிறது. இந்திய நீதிமன்றங்களைக் கம்ப்யூட்டர் மூலம் இணைக்கும் வேலை 2007இல் தொடங்கியது. அதற்கு இ-கோர்ட்ஸ் திட்டம் என்று பெயர். அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 4 ஆண்டுக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது.

கேரளத்தில் 2021இல் மின்னணுத் தாக்கல் விதிகள் வந்தன. மின்னணுத் தாக்கல் என்றால் என்ன? காகிதங்களை ஸ்கேன் செய்து இணையம் வழியே நீதிமன்றத்துக்கு அனுப்புவது.

கொல்லத்தில் ஒரு புதுமையான நீதிமன்றம் 2024 நவம்பர் 20 அன்று வேலையைத் தொடங்கியது. அது செக் வழக்குகளுக்காக ஏற்பட்டது. அங்கே இரவிலும் பகலிலும் இணையம் வழியே வழக்குத் தாக்கல் செய்யலாம்.

இதில் நன்மை உண்டு. அலைச்சல் குறையும். பஸ் காசு மிச்சம். ஒரு நாள் கூலி போகாது. ஆனால் ஒரு சின்னத் தவறு நடந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். நின்றது நமக்குத் தெரியாமலும் போகலாம். அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஐந்து நாள் வராத செய்தி

வக்கீலுக்கு இன்னும் பணம் தர அக்காவிடம் இல்லை. தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று அக்கா அங்கே போனார். கடைத் தம்பி நல்ல பையன். உதவ வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன். ஆனால் அவனுக்கு அவசரம்.

செக்கைத் தன் போனில் படம் எடுத்தான். வங்கிச் சீட்டையும் எடுத்தான். எல்லாவற்றையும் ஏற்றினான்.

"அக்கா, உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரும். சொல்லுங்கள்" என்றான்.

அக்கா ஆறு எண்களையும் படித்துச் சொன்னார்.

"முடிந்தது அக்கா. கோர்ட்டிலிருந்து செய்தி வரும்" என்றான். ஒரு சீட்டை அச்செடுத்துத் தந்தான்.

அக்கா சீட்டைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்தார். தினமும் போனைப் பார்த்தார். செய்தி வரவில்லை.

ஆகஸ்ட் 6. அடுத்த வீட்டு மாமி கேட்டார். "என்னடி, வழக்கு நம்பர் கிடைத்ததா?"

"இல்லை மாமி. செய்தியே இல்லை."

"அனுப்பியாச்சு என்று நீ இருக்கிறாய். அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாயா? சும்மா இருக்காதே. வஞ்சியூருக்குப் போய்க் கேள்."

வஞ்சியூரில்தான் திருவனந்தபுரம் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அக்கா சீட்டை எடுத்துக் கொண்டு பஸ் ஏறினார்.

நீதிமன்ற வளாகங்களில் இ-சேவா கேந்திரம் என்ற உதவி மையங்கள் உண்டு. காகிதத்தை ஸ்கேன் செய்ய உதவுவார்கள். தாக்கல் செய்ய உதவுவார்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்வார்கள். அக்கா அந்த மையத்தைத் தேடிப் போனார். அங்கிருந்த பெண் சீட்டில் உள்ள எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"அம்மா, உங்கள் மனுவில் குறை இருக்கிறது. திருத்தச் சொல்லிச் செய்தி போயிருக்கிறதே!"

"எனக்கு வரவில்லையே" என்றார் அக்கா.

"இதில் இருக்கும் போன் நம்பர் உங்களுடையதா?"

அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அது அவர் நம்பர் இல்லை. கடைத் தம்பியின் நம்பர். செய்தி அவன் போனுக்குப் போயிருந்தது. நூறு செய்திகளுக்கு நடுவில் அவன் அதைப் பார்க்கவில்லை.

இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

என்னென்ன தவறுகள்?

அக்காவின் மனுவில் இருந்த தவறுகள் பலருக்கும் வருபவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தவறு: பிறர் போன் நம்பர். நீதிமன்றம் சொல்லும் செய்தி அந்த நம்பருக்குத்தான் போகும். ஆகவே நம் நம்பரையே தர வேண்டும். மின்னஞ்சல் முகவரி கேட்டால் வீட்டில் படித்த பிள்ளையின் முகவரியைத் தரலாம். கடைக்காரரின் முகவரியைத் தரக் கூடாது. வக்கீல் இருந்தால் அவர் நம்பரோடு நம் நம்பரும் இருக்கட்டும்.

இரண்டாம் தவறு: தெளிவில்லாத படம். செக்கின் மேல் கை நிழல் விழுந்திருந்தது. ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. செக் எண் தெரியவில்லை. போனில் எடுத்த படம் போதாது. காகிதத்தைச் சமமாக வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். நான்கு ஓரமும் தெரிய வேண்டும். பி.டி.எஃப். என்ற வடிவில் அதை அனுப்ப வேண்டும்.

மூன்றாம் தவறு: பின்பக்கத்தை விட்டது. செக்கின் முன்பக்கம் மட்டும் இருந்தது. பின்பக்கத்திலும் எழுத்தும் முத்திரையும் இருக்கலாம். ஒரு காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. இரண்டையும் பாருங்கள். எழுத்து இருந்தால் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள்.

நான்காம் தவறு: பக்கம் மாறியது. நோட்டீஸின் இரண்டாம் பக்கம் முதலில் இருந்தது. ஒரு பக்கம் தலைகீழாக இருந்தது. ஸ்கேன் செய்யும் முன் பென்சிலால் பக்க எண் போடுங்கள். ஏற்றிய பிறகு 1, 2, 3 என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் தவறு: ஒரு காகிதம் இல்லை. நோட்டீஸ் அனுப்பிய ரசீது இருந்தது. அது கான்ட்ராக்டருக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சி இல்லை. அனுப்பியதும் கிடைத்ததும் வேறு வேறு. 15 நாள் கணக்கு கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். அந்த நாளைக் காட்டும் காகிதம் வேண்டும்.

ஆறாம் தவறு: பெயர் மாறியது. ஆதாரில் அக்காவின் பெயர் ஒரு விதமாக இருந்தது. வங்கிக் கணக்கில் வேறு விதமாக இருந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனாலும் கேள்வி வரும். செக்கில் உள்ள பெயரையும் நம் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

அக்கா கண்டுபிடித்த தவறு

மையத்துப் பெண் அக்காவைச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு வக்கீல் அம்மா இருந்தார். அவர் மனுவை அச்செடுத்து அக்கா கையில் தந்தார்.

மனு ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண் தெரியும். விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அம்மா, இது என்ன எண்?"

"83,000."

"என் பணம் 38,000 ஆச்சே!"

வக்கீல் அம்மா செக்கைப் பார்த்தார். செக்கில் 38,000. நோட்டீஸில் 38,000. மனுவில் மட்டும் 83,000. தட்டச்சு செய்யும்போது 3ம் 8ம் இடம் மாறிவிட்டன.

"நல்ல வேளை பார்த்தீர்கள். கம்ப்யூட்டர் இதைச் சொல்லாது. இப்படியே போயிருந்தால் எதிர்த் தரப்பு இதைப் பிடித்துக் கொள்ளும். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று வாதிடும்" என்றார் வக்கீல் அம்மா.

அக்காவுக்கு நெஞ்சு படபடத்தது. அந்த மனுவுக்குத்தான் அவர் ஓ.டி.பி. சொல்லியிருந்தார்.

கைநாட்டும் ஓ.டி.பி.யும்

முன்பு எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எப்படி ஏமாற்றினார்கள்? ஒரு பத்திரத்தை நீட்டுவார்கள். "இங்கே கைநாட்டு வை" என்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நிலம் போயிற்று. வீடு போயிற்று.

அதனால்தான் எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அமைச்சர் அல்ல. செலக்காடன் ஆயிஷா என்ற பெண். அவரே புதிதாகப் படிக்கக் கற்றவர். 2025 ஆகஸ்டில் கேரளம் கம்ப்யூட்டர் வழி எழுத்தறிவும் முழுமையாகப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இப்போது கைநாட்டின் இடத்துக்கு ஓ.டி.பி. வந்திருக்கிறது. மின்னணு மனுவில் கையெழுத்துப் போட ஒரு வழி ஆதார். ஆதாரோடு சேர்ந்த போனுக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னால் நாம் கையெழுத்துப் போட்டதாகப் பொருள். "இந்த மனுவில் உள்ளது உண்மை" என்று ஒப்புக் கொண்டதாகப் பொருள்.

ஆகவே மனுவைப் படிக்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். மொழி தெரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர், எண், தேதி, தொகை இந்த நான்கையும் நீங்களே பாருங்கள். இவற்றைப் பார்க்க ஆங்கிலப் புலமை வேண்டாம்.

பழைய போன் நம்பர் ஆதாரில் இருந்தால் ஓ.டி.பி. வராது. கடைசி நாளில் இது தெரிந்தால் என்ன செய்ய முடியும்? முன்பே அக்ஷயா மையத்தில் கேட்டு நம்பரை மாற்றிக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீதிமன்றத்திலிருந்து பேசுகிறோம் என்று யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டால் தராதீர்கள். நீதிமன்றம் போனில் ஓ.டி.பி. கேட்காது.

எந்த நீதிமன்றம்?

அக்காவுக்கு ஒரு சந்தேகம். "கான்ட்ராக்டர் கொல்லத்துக்காரர். வழக்கைக் கொல்லத்தில் போட வேண்டாமா?"

வேண்டாம். செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 2015இல் சட்டம் இப்படித் திருத்தப்பட்டது. அக்காவின் கணக்கு திருவனந்தபுரத்தில். ஆகவே வழக்கும் திருவனந்தபுரத்தில்.

கணினியில் பல நீதிமன்றங்களின் பெயர்கள் வரிசையாக வரும். தவறான பெயரைத் தொட்டால் மனு தவறான இடத்துக்குப் போகும். எந்த நீதிமன்றம் என்று கேட்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள்.

கட்டணமும் அசல் காகிதமும்

நீதிமன்றக் கட்டணத்தை இணையம் வழியே கட்டலாம். கட்டிய ரசீதை மனுவோடு சேர்க்க வேண்டும். சில நேரம் கணக்கில் பணம் போய்விடும். ரசீது வராது. பதறி மறுபடியும் கட்டாதீர்கள். முதலில் கட்டணம் சேர்ந்ததா என்று மையத்தில் கேளுங்கள்.

ஸ்கேன் செய்தாயிற்று என்று அசல் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நீதிமன்றம் அசல் செக்கைக் கேட்கும். வங்கிச் சீட்டைக் கேட்கும். செக்கில் துளை போடாதீர்கள். மடிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் தனியாக வையுங்கள்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்று கரண்ட் போகலாம். இணையம் நின்று போகலாம். அதற்காகக் காலக்கெடு நீளும் என்று நம்பக் கூடாது. ஒரு வாரம் முன்பே அனுப்பினால் குறை வந்தாலும் திருத்த நேரம் இருக்கும்.

பணம் இல்லாதவருக்கு வக்கீல் உண்டு

அக்கா வக்கீலைத் தேடாததற்குக் காரணம் பணம். ஆனால் இலவச சட்ட உதவி அவருக்கு உரிமை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் இந்த உதவி பெறலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. வருமானம் குறைந்த ஆண்களும் பெறலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

16 எழுத்து கொண்ட எண்

ஆகஸ்ட் 7 அன்று அக்காவின் மனு மறுபடி தாக்கல் ஆயிற்று. இந்த முறை அவர் பெயரில் பதிந்தார்கள். அவர் நம்பரைத் தந்தார்கள். வக்கீல் அம்மா மனுவைத் தமிழில் சொன்னார். அக்கா எண்களைப் பார்த்தார். செக்கையும் மனுவையும் ஒப்பிட்டார். அதன் பிறகுதான் ஓ.டி.பி. சொன்னார்.

இரண்டு நாளுக்கு முன்பே வேலை முடிந்தது. மனுவில் குறை இல்லை. பின்னர் வழக்குக்கு ஓர் எண் வந்தது. அதை சி.என்.ஆர். எண் என்பார்கள். எழுத்தும் எண்ணுமாக அதில் 16 இருக்கும். கேரளத்து வழக்கானால் கே, எல் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கடைசி நான்கு எண்களும் ஆண்டைக் காட்டும்.

இந்த எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கைப் பார்க்கலாம். அடுத்த தேதி எப்போது என்று தெரியும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். எழுதும்போது கவனம் வேண்டும். சைபரும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் ஒன்று போல இருக்கும்.

அக்கா அந்த எண்ணைப் போனில் மட்டும் வைக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதி வைத்தார்.

மாமி கேட்டார். "பணம் எப்போது வரும்?"

"அதைக் கோர்ட் சொல்லும் மாமி. என் மனு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அது என் வேலை. அதை நான் பார்த்துவிட்டேன்."

நினைவில் வைப்போம்

1. கடைசி நாளை முதலில் எழுதி வைக்க வேண்டும்.
2. நம் போன் நம்பரையே தர வேண்டும்.
3. எல்லாப் பக்கமும் தெளிவாக, வரிசையாக இருக்க வேண்டும்.
4. பெயர், எண், தேதி, தொகை நான்கையும் ஒப்பிட வேண்டும்.
5. படித்த பிறகே ஓ.டி.பி. தர வேண்டும்.
6. அசல் காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்.
7. அனுப்பிய பிறகு சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. கடைத் தம்பி கெட்டவன் அல்ல. ஆனாலும் தவறு நடந்தது. ஏன்?
2. நீங்கள் படிக்காமல் ஓ.டி.பி. சொன்னது உண்டா? எதற்காகச் சொன்னீர்கள்?
3. உங்கள் ஆதாரில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது? இன்றே பாருங்கள்.
4. உங்கள் ஊருக்குப் பக்கத்து நீதிமன்றம் எங்கே இருக்கிறது? அங்கே உதவி மையம் உண்டா? இரண்டு பேராகப் போய்க் கேட்டு வாருங்கள்.